கோபத்தை உடைக்க 599 ரூபாய், ஷூ வாடகை தனி

வணக்கம் மக்களே. இன்றைக்கு மாடித்தோட்டம் கிடையாது, டீக்கடை சுற்றலும் கிடையாது. மனசுக்குள் ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைப் பேசியே ஆக வேண்டும். மொட்டை மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், காற்றுச் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் வரும்போது பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு எழுதுகிற என் சூடு நோட்டு பற்றி வீடியோக்கள் போட ஆரம்பித்ததிலிருந்து கமெண்ட்டில் ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. "அக்கா, ரேஜ் ரூம் போய் நாலு பாட்டில் உடைங்க, எல்லாக் கோபமும் போயிடும்." சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போய்விட்டு வந்தேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் தகரம். ஹெல்மெட், கையுறை, மெக்கானிக் போடுவது மாதிரி ஒரு முழு அங்கி, கையில் ஒரு பேஸ்பால் மட்டை. காலி பீர் பாட்டில், பழைய கீபோர்டு, மானிட்டர் எல்லாம் வைத்திருப்பார்கள். மனம் ஆறும் வரை உடைத்துக்கொள்ளலாம். மனம் ஆறும் வரை என்று போர்டில்தான் போட்டிருக்கிறது. உண்மையில் ஏழு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் பஸ்ஸர் அடித்துவிடுவார்கள்.

விலையைச் சொல்கிறேன், கேளுங்கள். பத்து பாட்டில், ஏழு நிமிடம், 599 ரூபாய். கவுண்டரில் போனால் அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 707. சரி என்று கொடுத்தேன். அப்புறம் அந்தத் தம்பி என் காலைப் பார்க்கிறார். "மேடம், செருப்போட உள்ள விட மாட்டோம், ஷூ வாடகை 120." கண்ணாடி சிதறும் இடம், ஷூ வேண்டும் என்பது நியாயம்தான். அதை முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டாமா? வீட்டில் ரெண்டு ஜோடி ஷூ சும்மா கிடக்கிறது. ஆக 827. ஒரு பாட்டிலுக்கு 82 ரூபாய் 70 காசு! நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கூடுதலாகக் கட்டின பத்து ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். அங்கே காலி பாட்டிலை உடைக்காமல் கொடுத்தால் கட்டின பத்து ரூபாய் திரும்பி வரும், இங்கே உடைக்க எண்பத்திச் சொச்சம் செலவு. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். சொந்த போன் உள்ளே அனுமதி இல்லை. அவர்கள் கேமராவில் எடுத்த வீடியோ வேண்டுமென்றால் தனியாக 250. நான் வாங்கவில்லை, அதனால்தான் இன்றைக்குக் காட்சி ஒன்றும் இல்லாமல் வெறும் பேச்சு.

சரி, உள்ளே என்ன நடந்தது? முதல் பாட்டில் உடைந்தபோது ஒரு உற்சாகம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பச்சைக் கண்ணாடி தரையில் பொடிப்பொடியாகச் சிதறி, பழைய பீர் வாடை குப்பென்று ஏறியது. மூச்சு பட்டுப் பட்டு ஹெல்மெட் கண்ணாடி மங்கிவிட்டது, அடுத்த பாட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்போது வெளியிலிருந்து அந்தத் தம்பி குரல் கொடுக்கிறார்: "யார் மேல கோபமோ அவங்க முகத்தை நினைச்சுட்டே அடிங்க மேடம்!"

எனக்கு எரிச்சல் வந்ததே இந்த ஒரு வார்த்தையில்தான். மீதி எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

வெளியே வரும்போது கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. உள்ளே போகும்முன் வழக்கம்போல நோட்டில் மதிப்பெண் போட்டிருந்தேன்: பத்துக்கு நாலு. வெளியே வந்து போட்டது ஏழு. வரும் வழியில் இங்கே கோவை சிங்காநல்லூர் சிக்னலில் பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்ததும் எனக்குள் சுர்ரென்று ஏறியது, அது அந்த அறையிலிருந்து கூடவே கொண்டுவந்த சூடு.

இது எனக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பிராட் புஷ்மன் என்ற உளவியல் பேராசிரியர் இதையே 600 மாணவர்களை வைத்துச் சோதித்து, 2002-இல் வெளியிட்டார். மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, நான் படித்ததிலேயே படுமோசமான கட்டுரைகளில் ஒன்று இது என்கிற மாதிரி ஒரு விமர்சனத்தைக் கையில் கொடுத்தார்கள். யாருக்குத்தான் கோபம் வராது? பிறகு மூன்று குழு. ஒரு குழு, திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்த வேண்டும். இன்னொரு குழு உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு குத்த வேண்டும். மூன்றாவது குழு ஒன்றும் செய்யாமல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கடைசியில் யாருக்குக் கோபம் அதிகம்? முகத்தை நினைத்துக் குத்தினவர்களுக்கு. வாய்ப்புக் கிடைத்ததும் எதிராளி மீது குறைவாகப் பாய்ந்தவர்கள் சும்மா உட்கார்ந்தவர்கள். ஒரு பைசா செலவில்லாமல்!

2024-இல் சோஃபி ஷார்விக் என்ற ஆய்வாளரும் அதே புஷ்மனும் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உடம்பின் படபடப்பை இறக்குகிற எல்லாமே கோபத்தைக் குறைக்கிறது. மெதுவான மூச்சு, தியானம், தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது, யோகா. படபடப்பை ஏற்றுகிறவை பொதுவாகக் குறைப்பதில்லை. ஓட்டப்பயிற்சி கோபத்தைக் கூட்டவே செய்ததாம். ஓடுவது இதயத்துக்கு நல்லது, நிறுத்தச் சொல்லவில்லை. நானே ரேஸ் கோர்ஸில் நடக்கிறவள். ஆனால் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அது மருந்தில்லை.

அப்புறம் ஏன் எல்லோரும் "கொட்டித் தீர்த்துவிடு" என்கிறோம்? 1895-இல் வியன்னா மருத்துவர்கள் பிராய்டும் பிராயரும் எழுதினதிலிருந்தே இந்த எண்ணம் ஊறிப்போய்விட்டது: அடக்கிவைத்த உணர்ச்சி உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கும், திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று. குக்கரில் விசில் போனால் ஆவி இறங்குகிற மாதிரி மனசும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். மனசுக்குள் அப்படி ஆவி சேர்ந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு தடவை கத்தும்போதும் கத்துவதற்குப் பழக்கம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கத்தல் வரும்.

இதைக் கேட்டதும் "அப்போ முழுங்கிட்டு இருக்கணுமா அக்கா?" என்று ஒரு கூட்டம் வரும். வேண்டாம், முழுங்கவே வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உள்ளே அதையே அரைத்துக்கொண்டிருப்பதும் முகத்தை நினைத்துக் குத்துவது மாதிரிதான், பை மட்டும் இல்லை. எனக்கு அந்த அடக்கம் ஒடுக்கம் பாடமே பிடிக்காது, அதுவும் பெண்களுக்கு மட்டும் எடுக்கிற பாடம். நான் சொல்வது வரிசையை மாற்றுவதைப் பற்றி. முதலில் உடம்பு இறங்கட்டும், பிறகு வாய் திறக்கட்டும்.

இப்போது மேல்மாடி அக்கா கதைக்கு வருகிறேன். பழைய ஆட்களுக்குத் தெரியும், துணிக்கொடி பிரச்சினை. என் பால்கனியில் துணி காய்ந்து மொடமொடவென்று இருக்கும்போது மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தங்கச்சி வீடியோவில் கிண்டல் பண்ணினாளே, அதே பிரச்சினைதான். இங்கிருந்து கத்துவேன், மேலே ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். மறுநாள் திரும்பவும் சொட்டும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஒரு முறை சொல்கிறார்: "இனிமேல் கோபப்படக் கூடாது" என்று பொதுவாக முடிவெடுத்தால் நிற்காது, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே குறித்துவைத்தால்தான் கை தானாகச் செய்யும். அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: "சொட்டு விழுந்தால், முதலில் துணியை உள்ளே எடுப்பேன். பிறகு உட்கார்ந்து மூச்சு." மூச்சு என்றால், மூக்கால் இழுத்து, அதற்கு மேல் இன்னும் ஒரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். ஐந்து நிமிடம். ஸ்டான்ஃபோர்டில் இந்த மூச்சை ஒரு மாதம், தினம் ஐந்து நிமிடம் செய்யவைத்து 2023-இல் வெளியிட்டார்கள், மனநிலை நன்றாகவே மாறியிருந்தது.

ஒரு நாள் சொட்டு விழுந்தது, துணியை எடுத்தேன், மூச்சு விட்டேன், பிறகு மாடிப்படி ஏறிப் போனேன். "அக்கா, உங்க துணித் தண்ணி என் காய்ஞ்ச துணி மேல விழுது. பதினோரு மணிக்குள்ள நான் எடுத்துடுவேன், அதுக்கப்புறம் நீங்க போட முடியுமா?" இவ்வளவுதான் கேட்டேன். நீ எப்போதும் இப்படித்தான் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்த அக்கா உள்ளே கூட்டிக்கொண்டு போய் வாஷிங் மெஷினைக் காட்டினார். டிரையர் பக்கம் சுற்றவே இல்லை. மணிக்கட்டு வலியோடு கையால் பிழிந்து போடுகிறார், எவ்வளவு பிழிந்தாலும் ஈரம் போகாதுதானே? இப்போது பதினோரு மணிக்கு மேல்தான் மேலே துணி விழுகிறது. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! நோட்டில் அந்தப் பக்கத்தைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்சில் கட்டம் கட்டியிருக்கிறேன். இதோ, கேமராவுக்குக் காட்டுகிறேன். தெரிகிறதா? வெயில் அடிக்கிறது, இருங்கள், இப்படித் திருப்புகிறேன். ஆங், பத்துக்கு எட்டிலிருந்து மூணு.

நோட்டு பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். மதிப்பெண் மட்டும் போட்டால் போதாது, பக்கத்தில் அந்த உணர்ச்சிக்குப் பெயரும் எழுதுங்கள். கோபம் என்று எழுதிவிட்டுப் பார்த்தால் பாதி நேரம் அது அவமானமாகவோ, பசியாகவோ, தூக்கம் இல்லாததாகவோ இருக்கும். மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு 2007-இல் மூளை ஸ்கேனில் பார்த்தது: உணர்ச்சிக்குப் பெயர் வைத்ததும் பயம், கோபம் மாதிரி உணர்ச்சிகளில் வேலை செய்கிற அமிக்டலா என்கிற பகுதியின் துடிப்பு அடங்குகிறது.

பழக்கம் பதிய எவ்வளவு நாள் என்று கேட்டவர்களுக்கு: 21 நாளில் பழக்கம் பதிந்துவிடும் என்கிற கணக்கை மறந்துவிடுங்கள், எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவே பிடிக்காது. லண்டனில் பிலிப்பா லாலி செய்த ஆய்வில் சராசரியே 66 நாள். சிலருக்கு 18-இல் வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டாலும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருத்தர் உங்களை அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் அங்கே மூச்சுப் பயிற்சியும் நோட்டும் தீர்வில்லை. உங்கள் கோபம் அங்கே நியாயமானது. 181 பெண்கள் உதவி எண், கூப்பிடுங்கள். கோபமோ துக்கமோ கைமீறிப் போகிறது, தூக்கமே இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு கமெண்ட். ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் பையனுக்கு ஏழு வயசு, கோபம் வந்தா தலையணையைக் குத்தச் சொல்லியிருக்கேன், சரியா?" குத்த வேண்டாம் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து, ஊதுகிற சோப்புக்குமிழி வாங்கிக் கொடுத்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். பெரிய குமிழி வர வேண்டும் என்றால் மூச்சை நீளமாக, மெல்ல விட்டே ஆக வேண்டும். அடங்கின பிறகு கீழே அனுப்பி நாலு பசங்களோடு பந்து விளையாட விடுங்கள், அந்த 2024 ஆய்வில் பந்தாட்டம் கோபத்தைக் குறைத்திருக்கிறது. குமிழி டப்பா எங்கள் தெருக் கடையில் பத்து ரூபாய்தான். டவுன்ஹால் பக்கம் போனால் டஜனாக வாங்கலாம், எவ்வளவு என்று விசாரித்து அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.