குதிரைய ஜம்ப் பழக்கும்போது மேல இருக்க நாம என்ன செய்யணும்

[திரையில: தென்னந்தோப்பு ஓரம் ஒரு மைதானம், தரையில ரெண்டு சவுக்குக் கம்பு]

மக்களே வணக்கம். ஜம்ப் பழக்குறவங்க எல்லாரும் கேக்கது ஒண்ணுதான், கம்பு கிட்ட போனதும் குதிரை நிக்குது, இல்லன்னா கால்ல தட்டிடுது, என்ன செய்யன்னு. கம்பு கிட்ட போன பிறகு ஒண்ணும் செய்ய முடியாதுங்க, அங்க நடக்கது எல்லாம் குதிரை எடுத்து வைக்குத காலடில ஆறேழு எட்டுக்கு முன்னாடியே முடிவாயிடும், அந்த ஆறேழு எட்டுல நாம எப்படி இருக்கணுங்கதுதான் இந்த வீடியோ.

இப்பம் இந்த ரெண்டு கம்பப் பாருங்க. கேண்டர்ல, அதாவது நடுத்தர வேகப் பாய்ச்சல்ல, குதிரையோட ஒரு எட்டு ஏறக்குறைய 12 அடி. தாண்டி இறங்குததுக்கு 6 அடி, அடுத்ததுக்கு எழும்ப 6 அடி, நடுவுல நாலு எட்டுக்கு 48, ஆக ரெண்டு கம்புக்கும் நடுவுல 60 அடி. இது பெரிய குதிரைக்கு உள்ள கணக்கு, மார்வாரி, கத்தியவாரி மாதிரி நம்ம நாட்டுக் குதிரை எல்லாம் பொதுவா அவ்வளவு உயரம் கிடையாது, எட்டும் சின்னதா வரும். அதுக்காக குதிரைய அடிச்சு விரட்டாதீங்க, கம்பக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போடுங்க.

முதல்ல தாண்டவே வேண்டாம், கம்பு தரையிலயே கிடக்கட்டும். ஒரே வேகத்துல கேண்டர் பண்ணி, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை எட்டுன்னு வாய்விட்டு எண்ணுங்க. மனசுக்குள்ள எண்ணுனா மூச்சப் பிடிச்சுக்கிடுவோம், மூச்சப் பிடிச்சா முதுகு விறைக்கும், அது குதிரைக்கு உடனே தெரியும். நாலு வருதா, அடுத்த சுத்துலயும் நாலு வரணும். அது பழகினதும் அதே தூரத்த அஞ்சு எட்டா பைய போங்க, மறுபடி நாலுக்கு வாங்க. இந்தக் கட்டுப்பாடு கைக்கு வரவரைக்கும் கம்பத் தூக்கி வைக்கதுல அர்த்தமே இல்ல.

வளைவுலதான் நிறைய பேருக்குக் கெட்டுப்போகும், உள்பக்கமா சாஞ்சு குறுக்குவழில வந்தா கம்பு நேரா வராது. அகலமா வளைங்க, வளையும்போதே கண்ணு அடுத்த கம்புக்குப் போயிடணும்.

[திரையில: ஆள் இல்லாம தனியா தாண்டுத குதிரை, மெதுவா]

இதக் கவனமா பாருங்க. எழும்பும்போது தலைய உயர்த்துது, மேல போனதும் கழுத்த நீட்டி முதுக வளைக்குது, இறங்குதது முன்னங்கால்ல. இத்தாலி ராணுவத்துல கேப்ரில்லின்னு ஒரு கேப்டன், 1907ல இறந்துட்டார், அவர் செஞ்சது இதுதான், குதிரை தனியா எப்படித் தாண்டுதுன்னு பாத்து அதுக்கு ஏத்த மாதிரி மனுசன உக்கார வச்சார். அதுக்கு முன்னாடி தாண்டும்போது பின்னால சாஞ்சு கடிவாளத்த இழுத்துப் பிடிச்சிட்டு இருந்தாங்க, குதிரையோட வாயும் முதுகும் என்ன பாடுபட்டிருக்கும்!

கை விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பா சொல்லுகேன். குதிரைக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கதால நெத்திக்கு நேர கீழ, மூக்குக்கு ரொம்ப கிட்ட உள்ளது தெரியாது. கம்பத் தூரத்துலயே பாத்து அளக்கணும், அதுக்குத் தலைய ஏத்தி இறக்கணும், நாம கடிவாள வார இறுக்கிப் பிடிச்சா அது அளக்கவே முடியாது. எழும்புன உடனே ரெண்டு கையும் பிடரி ஓரமா முன்னால போகணும். வரலியா, கழுத்துல ஒரு பழைய தோல் வாரக் கட்டி அதப் பிடிச்சுக்கிடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, வாயில இழுக்கதுக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

உடம்புக்கு வருவோம். கால் வைக்குத அங்கவடியோட வார ரெண்டு ஓட்டை குறைங்க, குதிகால் கீழ, முட்டிய வச்சு இறுக்காதீங்க, இடுப்புலருந்து மடங்குங்க. அவசரப்பட்டு முன்னால பாய்ஞ்சா, அது முன்னங்காலத் தூக்குற நேரத்துல நம்ம பாரம் அங்கதான் விழும், பிறகு தட்டாம என்ன செய்யும். இதுக்கு நல்ல பழக்கம், ட்ராட்ல, அதாவது கேண்டர விட மெதுவான ஓட்டத்துல வந்து தாண்டுத மாதிரி ஒரு சின்ன குறுக்குக் கம்பு, அதுக்கு 9 அடி முன்னால தரையில ஒரு கம்பு. குதிரை தானே சரியான இடத்துல எழும்பிடும், நீங்க காத்திருந்தா போதும். ஹெல்மெட் போடாம, தரையில ஒரு ஆள் நிக்காம இதச் செய்யாதீங்க.

1982 டெல்லி ஆசிய விளையாட்டுல ரகுபீர் சிங் தங்கமும், 2018 ஜகார்த்தாவுல ஃபவாத் மிர்சா வெள்ளியும் வாங்குனது ஈவென்டிங்ல, ஒரே குதிரைய வச்சு பல சோதனை நடத்துத போட்டி அது. அதுல முதல்ல நடக்கது டிரெசாஜ், குதிரைய சொன்னபடி அடக்கமா நடத்திக் காட்டுதது, தாண்டுதது அதுக்குப் பிறகுதான். அதான் முதல்ல கட்டுப்பாடுன்னு சொல்லுகேன்.

[திரையில: மழை பெய்ஞ்ச செம்மண் தரை]

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும், செம்மண்ணு வழுக்கும்போது ஜம்ப் வேண்டாம், நடை மட்டும் போங்க. சங்குத்துறை, முட்டம் பக்கம் காஞ்ச கடல்மணல்ல கால் ஆழமா இறங்கும், டெண்டன், அதாவது காலோட தசைநாண் போயிடும், அங்கயும் தாண்ட வைக்காதீங்க. ஆரல்வாய்மொழி காத்துல ஒரு சாக்கு பறந்தாலே குதிரை மிரளும், அன்னைக்கு தரைக் கம்போட நிறுத்திக்கிடுங்க.

வாரத்துல ரெண்டு நாள் ஜம்ப் போதும். மறுநாள் காலைல முன்னங்கால் முட்டிக்குக் கீழ பின்பக்கமா தடவிப் பாருங்க, ஒரு கால் மட்டும் சூடா, வீங்கி இருந்தா அன்னைக்கு சேணமே போடாம மருத்துவரக் கூப்பிடுங்க.