யாருடைய குத்து பலமானது?

வணக்கம் நேயர்களே. குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சண்டை கட்டாயம் வரும்: அந்தக் காலத்து வீரரின் குத்து பலமானதா, இந்தக் காலத்து வீரருடையதா? உடனே ஒருவர் நாக் அவுட் கணக்கை, அதாவது எதிராளியை இறுதி மணிக்கு முன்பே முடித்துவிட்ட வெற்றிகளின் கணக்கை, எடுத்துப் போடுவார். 1950-களின் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவுக்கு 49 போட்டி, 49 வெற்றி, 43 நாக் அவுட். சரி, யாரை வீழ்த்தினார், எந்த வயதில் வீழ்த்தினார்? 1951-ல் அவரிடம் விழுந்த முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸுக்கு வயது 37. அதைக் கேட்காத கணக்கு என்ன கணக்கு?

நான் வேறு வழியில் போவேன். இரண்டு காலத்து வீரர்களிடமும் அடி வாங்கிய ஒருவரைப் பிடிக்க வேண்டும். என் ஆள் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸ். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1979-ல் ஏழாவது சுற்றில் எர்னி ஷேவர்ஸ் வலது கையால் ஒன்று விட்டார். ஹோம்ஸ் விழுந்தார். ஆனால் எழுந்தார், எழுந்து, 11-வது சுற்றில் ஜெயித்தும் விட்டார். 1988-ல் மைக் டைசன். நான்காவது சுற்றில் மூன்று முறை விழுந்தார் ஹோம்ஸ், கதை முடிந்தது. அப்படியானால் டைசனின் குத்துதான் பலமா? அவசரப்படாதீர்கள். முதல் சண்டையில் ஹோம்ஸுக்கு வயது 29. இரண்டாவதில் 38, அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு வருடம் சண்டையே போடவில்லை. ஷேவர்ஸிடம் வாங்கியது ஒற்றை அடி, டைசனிடம் வாங்கியது அடுக்கடுக்காக. இன்னொன்றும் உண்டு: அதே ஹோம்ஸ் 1992-ல், 42 வயதில், அப்போதைய சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் தோற்றாலும் 12 சுற்றும் தாக்குப்பிடித்தார். 75 போட்டிகளில் ஹோம்ஸை நாக் அவுட்டில் முடித்து அனுப்பியவர் டைசன் ஒருவர்தான்.

அதனால்தான் சொல்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்: குத்தை மட்டும் தனியாக எடைபோட முடியாது, வாங்கியவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வருகிற குத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் கழுத்து இறுகிக்கொள்ளும். பார்க்காத குத்தில் தலை சட்டென்று திரும்பும், மூளை குலுங்கும், கால் துவளும். கனடா வீரர் ஜார்ஜ் சுவாலோவை ஒருவராலும் தரையில் சாய்க்க முடியவில்லை. ஆனால் ஃப்ரேசியரும் ஃபோர்மனும், நடுவரே சண்டையை நிறுத்தும் அளவுக்கு அடித்து, அவரை நின்ற நிலையிலேயே தோற்கடித்தார்கள். குத்தின் பலத்தைக் கணக்கிடும்போது அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நேரமாகிவிட்டதாம், கை காட்டுகிறார்கள். விதிகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், இரண்டே வரி. 1919-ல் ஜாக் டெம்ப்சி, ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். எழுகிறவரின் பக்கத்திலேயே நின்று மறுபடி அடிக்கலாம், அப்போது அது குற்றமில்லை. அப்புறம், உலகப் பட்டப் போட்டிகளின் 15 சுற்று 12 ஆனது 1980-களில்தான். 13-வது சுற்றில் யார் நிற்பார் என்பதைக் கையுறையோடு சேர்த்து இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.