கைகளைப் படமெடுத்தவர்: வெய்ன் மில்லர்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் புகைப்படக்காரராகப் பணியாற்றிய வெய்ன் மில்லரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். 1918இல் சிகாகோவில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், கல்லூரியில் வங்கித் தொழில் படித்தவர். ஆனால் மனம் கேமராவிலேயே இருந்தது.

கடற்படையில் புகழ்பெற்ற புகைப்படக்கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் அமைத்த சிறிய புகைப்படப் பிரிவில் மில்லர் சேர்ந்தார். அறுபது வயதைக் கடந்திருந்த ஸ்டைக்கன் தம் இளைஞர்களுக்குச் சொன்னது, இராணுவத்தில் எவரும் எதிர்பார்க்கும் கட்டளையன்று: கப்பலும் விமானமும் நாளை பழசாகிவிடும், ஆகவே மனிதர்களைப் படமெடுங்கள் என்றார்.

1943 நவம்பரில், பசிபிக் தீவொன்றில் ஜப்பானியர் வசமிருந்த ரபாவுல் துறைமுகத்தைத் தாக்கிவிட்டு ‘சரடோகா’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலுக்குத் திரும்பிய விமானம் ஒன்றிலிருந்து, காயமுற்ற வீரர் ஒருவரைத் தோழர்கள் தூக்கி இறக்கும் காட்சியை மில்லர் படமெடுத்தார். படத்தை வானொலியில் காட்ட இயலாது. ஆனால் அதைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் அந்தத் தாங்கும் கைகளிடம்தான் போகும் என்று சொல்வேன். அந்த விமானத்தில் பறந்த வேறொரு புகைப்படக்காரர் உயிரிழந்திருந்தார். அன்று அதில் பறந்திருக்க வேண்டியவர் மில்லர். 1945 செப்டம்பரில் அவர் ஹிரோஷிமாவுக்கும் சென்றார். குண்டுவீச்சுக்குப் பின் அங்கு முதலில் நுழைந்த மேலைநாட்டுப் புகைப்படக்காரர்களுள் அவரும் ஒருவர். எதிரி என்று சொல்லப்பட்டவர்களின் முகங்களையும் அவருடைய கேமரா அதே நிதானத்தோடு பார்த்தது.

போர் முடிந்ததும் அவர் சிகாகோவுக்கே திரும்பி, குகன்ஹைம் நிதியுதவியுடன், நகரின் தென்பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களின் அன்றாட வாழ்வைப் படமெடுத்தார். அதே காலத்தில், 1946இல், தம் மகன் டேவிட் பிறந்த கணத்தையும் பதிவுசெய்தார். தலைகீழாகத் தொங்கும் அந்தச் சிசுவைப் பற்றியிருக்கும் மருத்துவர் வேறு யாருமல்லர், மில்லரின் தந்தையே. பேரனைப் பாட்டனார் கையில் ஏந்த, நடுத்தலைமுறை கேமராவுக்குப் பின்னால் நின்றது. சரடோகாவின் மேல்தளத்தில் எடுத்த படத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆளின் ஒரே வேலை என்பது விளங்கும். போர்ப்படங்களை ஒரு பக்கமும் குடும்பப் படங்களை மறுபக்கமுமாகப் பிரித்து அவரை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1955இல் நியூயார்க்கில் ஸ்டைக்கன் நடத்திய ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியில், 68 நாடுகளிலிருந்து வந்த 503 படங்களுள் மில்லர் குடும்பத்தின் படங்களும் இருந்தன; படங்களைத் தேர்வதில் மில்லரே ஸ்டைக்கனுக்குத் துணை நின்றார். 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற, பூமியின் ஒலிகளும் படங்களும் பதிந்த தங்க இசைத்தட்டிலும் அந்தப் பிறப்புப் படம் சேர்க்கப்பட்டது. தன் வீட்டுப் பிள்ளை பிறந்த படம் சூரியக் குடும்பத்தையே தாண்டிப் போகும் பேறு எந்தத் தகப்பனுக்கு வாய்க்கும்!

அவருக்கும் மனைவி ஜோனுக்கும் நான்கு பிள்ளைகள். கலிஃபோர்னியாவின் ஒரிண்டாவில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் சண்டைகளையும் சலிப்புகளையும், அலங்கரிக்காமல், ஆண்டுக்கணக்கில் படமெடுத்தார். 1960களில் மேக்னம் புகைப்பட நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். எழுபதுகளின் நடுவில் புகைப்படத் தொழிலிலிருந்து விலகிய பிறகு, கலிஃபோர்னியாவின் ‘ரெட்வுட்’ என்னும் நெடுமரக் காடுகளைக் காக்கும் பணியில் மனைவியோடு ஈடுபட்டார். 2013 மே மாதம், 94ஆம் வயதில், பிள்ளைகளை வளர்த்த அந்த ஒரிண்டாவிலேயே காலமானார்.

நன்றி, வணக்கம்.