இரவல் குரல்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நடிகையின் அழகைப் பற்றி வானொலியில் பேச வருவது, இலை போடாமல் விருந்துக்கு அழைப்பது போலத்தான். முகத்தைக் காட்ட வழியில்லை. குரலையாவது ஒலிபரப்பலாம் என்றால், நான் சொல்லப்போகும் படத்தில் அந்தக் குரலும் அவருடையது இல்லை.

படம், 1968இல் வெளிவந்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’. நடிகை, கிளாடியா கார்டினாலே. இயக்குநர் செர்ஜியோ லியோனி அதற்கு முன் எடுத்த கௌபாய் படங்களில் துப்பாக்கியும் புழுதியும் முறைப்பும் தாராளமாக இருக்கும். பெண்களுக்குத்தான் பெரிதாக வேலை இருக்காது. இந்தப் படத்தில் ஹென்றி ஃபோண்டா, சார்லஸ் பிரான்சன், ஜேசன் ரோபார்ட்ஸ் என்று மூன்று பெரிய ஆட்கள் இருந்தும், ஜில் என்ற பெண்ணைச் சுற்றித்தான் கதை நகர்கிறது.

நான் இதை முதன்முதலில் பார்த்தது தொலைக்காட்சியில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில். வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். திட்டு வாங்கப் பயந்து ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டிருந்தேன். படம் தொடங்கிச் சிறிது நேரம் ஆகியிருந்தது. திரையில் ஒரு ரயில் வந்து நிற்கிறது.

ஜில் இறங்குகிறாள். தலையில் தொப்பி, முகத்தில் புன்னகை. தன்னை அழைத்துப்போக யாரோ வந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கூட்டத்தைத் துழாவுகிறாள். ஆட்கள் போகிறார்கள், மூட்டைகள் போகின்றன, நடைமேடை காலியாகிறது. நிலையத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு தன் கடிகாரத்தைப் பார்க்கிறாள். புன்னகை சட்டென்று மறைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. நிலைய அலுவலகத்துக்குள் போகிறாள். கேமரா உள்ளே வராமல், ஜன்னலுக்கு வெளியே நின்று, அவள் ஏதோ விசாரிப்பதைப் பார்க்கிறது. அவள் மறுபக்கக் கதவு வழியாக வெளியேறியதும் கேமரா சுவரில் ஏறி, கூரையைத் தாண்டி மேலே போகிறது. அந்தப் பக்கம் ஓர் ஊரே எழும்பிக்கொண்டிருக்கிறது. (அது அமெரிக்கா இல்லை, ஸ்பெயினில் குவாதிஸ் என்ற ஊருக்கு அருகே போட்ட அரங்கம்.)

அந்த நேரத்தில் அவளுடைய கணவனும் அவனுடைய பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார்கள். நாம் அறிவோம், அவள் அறியமாட்டாள். சத்தமே இல்லாமல் பார்த்த எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒலியோடு பார்க்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அப்போதுதான் ஏமாற்றம். ஆங்கிலப் பதிப்பில் ஜில்லுக்குப் பேசியிருப்பவர் வேறொருவர். குரலில் குறையில்லை, ஆனால் அந்தக் கண்களுக்கு அது ஒட்டவில்லை. முகம் ஒருவர், குரல் ஒருவர் என்பது தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்குப் புதிதா என்ன! இருந்தும் உறுத்தியது.

கார்டினாலேவுக்கு இது பழகிப்போன கதை. 1938இல் வட ஆப்பிரிக்காவின் டூனிஸ் நகரில், சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சும் அரபும் சிசிலிப் பேச்சும் கேட்டு வளர்ந்தார். இத்தாலிய மொழி பிற்பாடு கற்றதுதான். குரலும் கரகரப்பானது. முகத்தை எடுத்துக்கொண்ட இத்தாலிய சினிமா, குரலை வெளியே நிறுத்திவிட்டது. 1963இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘எட்டரை’ படத்தில்தான் இத்தாலிய ரசிகர்கள் அவருடைய சொந்தக் குரலைக் கேட்டார்கள்.

ஆனாலும் ஜில்லுக்கு ஒரு குரல் உண்டு. இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே, படப்பிடிப்புக்கு முன்பே மெட்டுகளைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடிக்க வைத்தார் லியோனி. ஜில்லின் மெட்டைப் பாடியவர் எட்டா டெல் ஓர்சோ. அதில் சொல்லே கிடையாது, வெறும் ஆலாபனை. அவள் கடிகாரத்தைப் பார்க்கும்போது மெல்லத் தொடங்கி, கேமரா கூரைக்கு மேல் எழும்போது குரலும் சேர்ந்து எழுகிறது. அன்றிரவு ஒலியில்லாமல் நான் கேட்டது இதைத்தானோ என்று தோன்றியது.

ரசிகன் என்பதற்காக எல்லாவற்றையும் மெச்ச முடியாது. குடும்பத்தைக் கொன்றவனிடமே அவள் சிக்கி, உயிர் பிழைப்பதற்காக அவனோடு இணங்கிப்போகும் காட்சி ஒன்று உண்டு. அங்கே லியோனியின் கேமரா அவள் உடம்பை ரசிக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை, இன்றும். ஆனால் கார்டினாலேவின் முகத்தைப் பாருங்கள்: அது வேறெங்கோ இருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இயக்குநர் எடுத்த காட்சி ஒன்று, அவர் நடித்த காட்சி இன்னொன்று.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவள் காப்பி போடும் இடம். பிணங்களை அடக்கம் செய்தாயிற்று. வீட்டுக்குள் ஒரு கொள்ளைக்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறாள். அஞ்சுகிறாள், ஆனால் கெஞ்சவில்லை.

2025 செப்டம்பரில், 87 வயதில், கார்டினாலே பிரான்சில் காலமானார். செய்தி கேட்ட இரவு படத்தின் கடைசிக் காட்சியை மட்டும் போட்டுப் பார்த்தேன். தண்டவாளம் வந்துவிட்டது. தலைமுடி காற்றில் பறக்க, தண்ணீரைச் சுமந்துபோய் ரயில்பாதைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிறாள். அங்கே அவளுக்கு வசனம் இல்லை. வீட்டார் உறங்கிக்கொண்டிருந்தார்கள், இந்த முறை ஒலியைக் குறைக்கவில்லை.

ஜில்லின் அந்த மெட்டு உள்ள இசைத்தட்டை வானொலி நிலையத்தார் எடுத்து வைத்திருக்கிறார்கள். கேளுங்கள்.