மூலையில் அடுக்கிய பெட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். பிரிவினை என்றதும் சொத்து வழக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் சொல்ல வந்தது வக்கீல் தேவைப்படாத பிரிவினை. 4 என்ற எண்ணைப் பாகம் போடுங்கள். நாலு அப்படியே, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டு, ஒன்று, ஒன்று, நாலு ஒன்று. ஆக 5 வழி. முன்பின் மாற்றிச் சொன்னால் புது வழி ஆகாது.

இந்தப் பாகங்களை ஒரே வரிசையாக எழுதாமல் கட்டங்களில் எழுதினால்? நிபந்தனை ஒன்றுதான்: வலப்பக்கம் போனாலும் கீழே போனாலும் எண் கூடக் கூடாது. வானொலியில் கட்டம் போட்டுக் காட்ட வழியில்லை. மளிகைக் கடை குடோனுக்கு வாருங்கள். மூலையில் அட்டைப்பெட்டி அடுக்குகிறார்கள். சுவரை விட்டு விலக விலக அடுக்கின் உயரம் குறையலாம், கூடக் கூடாது. கட்டத்தில் எழுதும் எண்தான் இங்கே அடுக்கின் உயரம். அதே கணக்குதான்.

நேற்று ராத்திரி பேரனின் கட்டைகளில் மூன்றை எடுத்துக்கொண்டு சுவர் மூலையில் உட்கார்ந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று, ஒரு வழி. இடச்சுவர் ஓரமாக நீளவாக்கில், வலச்சுவர் ஓரமாக நீளவாக்கில், இரண்டு வழி. மூலையில் இரண்டை அடுக்கி மூன்றாவதைப் பக்கத்தில் வைத்தால், அதற்கும் இரண்டு பக்கம் உண்டே. கடைசியாக மூலையில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. மொத்தம் 6. நாலு கட்டைக்கு 13, ஐந்துக்கு 24, பத்துக்கு 500. பத்தை நான் அடுக்கிப் பார்க்கவில்லை, முதுகு வலி.

இதற்குச் சூத்திரம் கண்டவர் பெர்சி மக்மஹோன், பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. 1873-இல் அவரை அனுப்பிய இடம் நம் மெட்ராஸ். ராமானுஜன் பிறக்க இன்னும் 14 வருஷம் இருந்தது. பிற்பாடு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் ராமானுஜனும் பிரிவினைக்குச் சூத்திரம் கண்டபோது, 200-க்கு வரும் 13 இலக்க விடையைச் சரிபார்க்க உதவியது மக்மஹோன் கையாலேயே போட்ட அட்டவணைதான்.

கட்டத்துக்கு அவர் கண்ட வழி வேடிக்கையானது. 1 ஒரு நிறத்தில், 2 இரண்டு நிறத்தில், 3 மூன்று நிறத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு சாதாரணப் பிரிவினையை எண்ணுங்கள். தனி 3-க்கு மூன்று வழி. 2-உம் 1-உம் சேர்ந்தால் இரண்டு வழி. மூன்று ஒன்றுக்கு ஒரு வழி. ஆறு! கட்டையே வேண்டாம்.

அடுத்த படி, கட்டங்களையே மாடி மாடியாக அடுக்கி, மேலே போனாலும் எண் கூடக் கூடாது என்பது. நிறங்களை 1, 3, 6, 10 என்று மாற்றினால் போதும் என்று மக்மஹோன் ஊகித்தார். 3-க்கு 10 வந்தது, சரி. 4-க்கு 26, சரி. 5-க்கு 59, அதுவும் சரி. 6-க்குச் சூத்திரம் சொல்வது 141. ஒவ்வொன்றாக எண்ணினால் 140. 1967-இல் வெளிவந்த கணினிக் கணக்கு ஊகத்தை முடித்துவைத்தது. எங்கேயோ ஒன்றே ஒன்று இடித்துவிட்டது பாருங்கள், எனக்கு அதுதான் ஆற்றாமை.

ஐஐடி மெட்ராஸில் ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து கணினியை ஓட்டி 72 வரை எண்ணி முடித்தார்கள். சூத்திரம் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.