சந்தேகங்களுக்கு விளக்கம்: ஸ்கௌட் பிள்ளைங்க உணவுப் பொருள் சேகரிக்கப் போறாங்க, எத்தனை புளோக் எடுக்கலாம்?

வணக்கம். வந்த கேள்விகள்ல ஒண்ணு, ரெண்டு நாளா மனசுல சுத்திக்கிட்டே இருக்கு. அதையே இன்னிக்கு எடுத்துக்கறேன். ஒரு அப்பா எழுதியிருக்கார். "என் மகன் உயர்நிலை இரண்டு. பள்ளியில ஸ்கௌட்ல, அதாவது சாரணர் இயக்கத்துல, இருக்கான். ஜூன் விடுமுறையில பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள்ல வீடு வீடாப் போய் உணவுப் பொருள் சேகரிக்கப் போறாங்க. 30 பிள்ளைங்க. பெற்றோர் சார்பா நானும் உதவிக்குப் போறேன். எத்தனை புளோக் எடுத்துக்கலாம்? வி.ஐ.ஏ. (பள்ளிப் பிள்ளைங்க செய்ற சமூகத் தொண்டுத் திட்டம்) மணிக்கணக்கு எப்படிப் போடுவாங்க?"

மணிக்கணக்கை முதல்ல முடிச்சிடறேன் சார். அதை முடிவு பண்றது பள்ளி ஆசிரியர். நீங்களும் நானும் இல்லை. 1997-ல சிங்கப்பூர்ப் பள்ளிகள்ல சமூக ஈடுபாட்டுத் திட்டம், சி.ஐ.பி.-ன்னு ஆரம்பிச்சாங்க, அப்போ மணிக்கணக்குதான் பேச்சு. 2012-ல அது வி.ஐ.ஏ. ஆச்சு. பிள்ளைங்களே யோசிக்கணும், திட்டம் போடணும், முடிச்சிட்டு என்ன கத்துக்கிட்டோம்னு உட்கார்ந்து பேசணும், அதுதான் மாற்றத்தோட நோக்கம். பெரியவங்க எல்லாத்தையும் முடிவு பண்ணி, பிள்ளைங்க பெட்டி மட்டும் தூக்கினா மணி ஏறும், நோக்கம் போயிடும். அவ்வளவுதான் அதுல.

இப்போ புளோக். கேள்வியை இன்னொரு தடவை பாருங்க. எத்தனை புளோக், எத்தனை மணி, எத்தனை பிள்ளைங்க, எல்லாம் இருக்கு. பொருள் யாருக்குப் போகுதுன்னு ஒரு வார்த்தை இல்லை. தொடர்ந்து பார்க்கிறவங்க சிரிப்பீங்க, இவர் மறுபடி அங்கதான் போவார்னு. ஆமா, போவேன். வாங்குற இடத்துலேர்ந்து ஆரம்பிங்க. கொடுக்கிற வீட்டுக் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி வாங்குறவங்க கதவைத் தட்டுங்க.

ஏன்னா இங்க உணவு உதவி செய்ற இடம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. வில்லிங் ஹார்ட்ஸ் இருக்கு, அது தினமும் சமைச்சுப் பொட்டலம் போடுற சமையற்கூடம். அங்க 200 கிராம் சார்டின் டின் முப்பது கொண்டு போனா அவங்க என்ன பண்ணுவாங்க? பெரிய அண்டாவுக்கு அரிசி, எண்ணெய், காய்கறிதான் பயன்படும். ஃபுட் ஃப்ரம் தி ஹார்ட் 2003-ல ஆரம்பிச்சது, பேக்கரிகள்ல மிஞ்சுற ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறதுதான் முதல் வேலை. வீட்டுக்கு வீடு மளிகைப் பொட்டலம் போடுறதும் அவங்க செய்றாங்க. ஃபுட் பேங்க் சிங்கப்பூர் 2012-ல வந்தது. அது பொருளை வாங்கி மத்த அமைப்புகளுக்குப் பிரிச்சு அனுப்புற இடம். இல்லை, உங்க வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கே கொடுக்கலாம், ஆனா அங்க சாமான் வைக்க ஒரு அலமாரிதான் இருக்கும்.

அதனால போன் பண்ணிக் கேளுங்க. நீங்க பண்ணாதீங்க சார், பேட்ரோல் லீடர், அதாவது பிள்ளைங்களோட அணித் தலைவர், பண்ணட்டும். என்ன பொருள் வேணும், எது வேண்டவே வேண்டாம், காலாவதிக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கணும், எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கொண்டு வரலாம், பெட்டியில போட்டுத் தரணுமா, பையா. கடைசியா, எவ்வளவு தாங்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்கிறதில்லை. பதில் "ஒரு வேன் அளவு"ன்னு வந்தா, அதுதான் உங்க புளோக் எண்ணிக்கையை முடிவு பண்ணுது. பிள்ளைங்க எண்ணிக்கை இல்லை.

சரி, கணக்கே போடுவோம். 12 மாடி, மாடிக்கு 8 வீடுன்னு வச்சா ஒரு புளோக்குல 96 கதவு. ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும், அதுல மாற்றமே இல்லை. ஒரு ஜோடிக்கு நாலு மாடி, 32 கதவு. கதவுக்கு ஒன்றரை நிமிஷம்னா முக்கால் மணிக்கு மேல ஆகும், லிஃப்டுக்குக் காத்திருக்கிறதையும் சேர்த்தா ஒரு மணி நேரம். ஆக ஒரு புளோக்குக்கு மூணு ஜோடி. உங்க 30 பேர்ல 10 பேரைக் கீழே பிரிச்சு அடுக்குற வேலைக்கு நிறுத்திடுங்க. மிச்சம் 20 பேர், பத்து ஜோடி. ஒன்பது ஜோடி மூணு புளோக்குக்கு, ஒரு ஜோடி தள்ளுவண்டிக்கு. அதனால மூணு புளோக். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

எடை? நாலுல ஒரு வீடு கொடுக்கும், வீட்டுக்கு நாலு பொருள்னு வச்சா மூணு புளோக்குல 288 பொருள். சராசரி அரைக் கிலோ, மேல 5 கிலோ அரிசிப் பை இருபது. மொத்தம் கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பாதி வீடு கொடுத்துட்டா இது ரெண்டு மடங்கு ஆகும். வண்டி பிடிக்கிறப்போ பெரிய கணக்கை வச்சுப் பிடிங்க, வாங்குற இடத்துக்கு வாக்கு கொடுக்கிறப்போ சின்னக் கணக்கைச் சொல்லுங்க. மாத்திச் செஞ்சாத்தான் சங்கடம்.

அனுமதி விஷயம். வீடு வீடாவோ தெருவுலயோ பொதுமக்கள்கிட்ட நன்கொடை கேட்கிறதுக்குன்னு தனிச் சட்டமே இருக்கு, 1947-லேர்ந்து. பணத்துக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பொருளும் அதுல அடக்கம். அதனால போலீஸ் உரிமம் வேணுமா, யார் பேர்ல எடுக்கிறதுன்னு பள்ளி வழியா, சாரணர் சங்கம் வழியா முன்கூட்டியே கேட்டுடுங்க. கீழ்த்தளத்துல மேசை போட நகர மன்றத்துக்கிட்ட தனியா எழுதணும். வசிப்போர் குழுவுக்கும் சொல்லி வைங்க. எந்த வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்க, எந்த வீட்ல நாய் இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். நீங்க கேட்டது பொருளுக்கான அனுமதின்னா, யாராவது பத்து வெள்ளி நோட்டை நீட்டினா வாங்கக்கூடாது. "நன்றிங்க, அமைப்போட இணையப் பக்கத்துல நேரடியாக் கொடுக்கலாம்"னு சொல்லப் பிள்ளைங்களுக்குப் பழக்கி விடுங்க. சீருடையில நிற்கிற பிள்ளை கையில ரசீது இல்லாத பணம் இருக்கவே கூடாது.

எந்த புளோக்னு எடுக்கிறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. ஓரறை, ஈரறை வாடகை புளோக்குல போய்க் கேட்காதீங்க. அந்தப் பொருள் கடைசியில போய்ச் சேர்ற வீடே அங்க இருக்கலாம். ஆனா வழியில ஒரு பாட்டி தானே கூப்பிட்டு ஒரு மைலோ பானத்தூள் பாக்கெட் நீட்டினா வேண்டாம்னு சொல்லாதீங்க. இரு கையாலும் வாங்கிக்கோங்க. கொடுக்கிற பெருமை அவங்களுக்கும் உண்டு.

துண்டுச்சீட்டு ஒரு வாரம் முன்னாடி போகணும். இந்த வழிமுறை அமெரிக்காவுல சாரணர்கள் ரொம்ப நாளாச் செய்றது. 1985-ல செயின்ட் லூயிஸ் நகரத்துல ஆரம்பிச்சாங்க, 1988-ல நாடு முழுக்கப் போச்சு. ஒரு சனிக்கிழமை வீட்டு வாசல்ல சீட்டோ பையோ வச்சுட்டு வர்றது, அடுத்த சனிக்கிழமை போய் எடுக்கிறது. அதுல இருக்கிற சூட்சுமம் அந்த ஒரு வார இடைவெளிதான். கதவைத் தட்டி உடனே கேட்டா அலமாரியில வேண்டாம்னு ஒதுக்கினதுதான் வரும். ஒரு வாரம் இருந்தா ஃபேர்பிரைஸ் பேரங்காடிக்குப் போறப்ப ஒண்ணு கூட வாங்கிட்டு வருவாங்க. ஆனா அங்க மாதிரி வாசல்ல வச்சிடுங்கன்னு இங்க சொல்லாதீங்க. நடைபாதையில ராத்திரி முழுக்க இருந்தா எறும்பு வரும், இல்லைன்னா காலையில துப்புரவு செய்றவர் குப்பைன்னு எடுத்துடுவார். "சனிக்கிழமை காலை 9.30-லேர்ந்து 11 மணிக்குள்ள வருவோம், வெளியே போறதா இருந்தா அன்னிக்குக் காலையில கேட்டுல மாட்டி வைங்க"ன்னு போடுங்க. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ்னு நாலு மொழியிலயும் போடுங்க. பொருள் அஞ்சே அஞ்சு: அரிசி, எண்ணெய், டின் மீன், பிஸ்கட், மைலோ. அந்த அஞ்சும் வாங்குறவங்க சொன்ன அஞ்சா இருக்கணும். ஹலால் முத்திரை இருக்கிற பொருளாக் கேளுங்க, அப்போ பிரிக்கிற வேலை பாதி குறையும். பத்துப் பதினஞ்சு பொருள் எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. "உணவுப் பொருள் எதுவானாலும்"னு போட்டா மீ கோரெங் நூடல்ஸ் பாக்கெட் மட்டும்தான் மலையாக் குவியும்.

காலையில ஏன்னா, மதியத்துக்கு மேல மழை வரலாம். ஈரமான அட்டைப் பெட்டி அடி கழண்டு போகும். மேல் மாடியிலேர்ந்து ஆரம்பிச்சுக் கீழே வரணும், சுமை ஏற ஏற தரைக்குக் கிட்ட வந்துடுவாங்க. வீட்டுக்குள்ள காலை வைக்கக்கூடாது, தண்ணி குடிக்கக் கூப்பிட்டாலும். மணி ரெண்டு தடவைக்கு மேல அடிக்கக்கூடாது. வீட்டு எண் தெரிய படம் எடுக்கக்கூடாது. ஒரு புளோக்குக்கு ஒரு பெரியவர் மாடி மாடியா நடந்துக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் லிஃப்ட் வாசல்ல.

இப்போ பிரிக்கிற மேசைக்கு வருவோம். பலரும் இதைக் கடைசி வேலையா நினைக்கிறாங்க. எனக்கு இதுதான் முதல் வேலை. முதல் மேசையில ரெண்டு பேர் தேதி மட்டும் பார்க்கணும். தேதி எழுதுற முறை நாட்டுக்கு நாடு வேற. 03/04-ன்னு இருந்தா மார்ச்சா ஏப்ரலான்னு பொருள் வந்த நாட்டைப் பார்க்காமச் சொல்ல முடியாது. சந்தேகம்னா முன்னாடி வர்ற தேதியைத்தான் எடுத்துக்கணும். அடுத்தது டின். வயித்துல லேசா நசுங்கினது பரவாயில்லை. விளிம்புல, பக்கத்து இணைப்புல நசுங்கினது, துரு பிடிச்சது, மூடி உப்பினது, மூணும் வேண்டாம். இணைப்புல நெளிஞ்சா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், உள்ளே காத்துப் போகும், கிருமி வளரும். வீட்ல போட்ட ஊறுகாய், பிரிச்சு டப்பாவுல மாத்தின பருப்பு, லேபிள் கிழிஞ்சது, எல்லாம் நன்றியோட ஒதுக்கி வைக்க வேண்டியதுதான். 2024 ஆகஸ்ட்ல நல்லெண்ணத்தோட உணவு கொடுக்கிறவங்களுக்குப் பாதுகாப்பா ஒரு சட்டம் நிறைவேறியிருக்கு, உண்மை. ஆனா கொடுக்கிறப்போ உணவு பாதுகாப்பா இருந்திருக்கணும், எப்படி வைக்கணும், எப்போவரைக்கும் சாப்பிடலாம்னு சொல்லியிருக்கணும்னு அதுலயே நிபந்தனை இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்க அது அனுமதி இல்லை.

சோப்பு, சலவைத் தூள் வந்தா உணவுப் பெட்டியில ஒரு பாக்கெட் கூடப் போடாதீங்க. மூணே நாள்ல பிஸ்கட், அரிசி எல்லாம் சோப்பு வாசம் அடிக்கும், அப்புறம் முழுப் பெட்டியும் வீண். எண்ணெய் பாட்டிலைத் தனிப் பையில கட்டி நிமிர்த்தி வைங்க. பெட்டி 10 கிலோவுக்கு மேல போகக்கூடாது, 13 வயசுப் பிள்ளை முதுகு அது. 400 கிராம் டின் 24 வச்சாலே, தகர எடையும் சேர்த்தா பத்தைத் தாண்டிடும், 20-ஓட நிறுத்துங்க. பெட்டியோட பக்கத்துல, மேல இல்லை, பக்கத்துல மார்க்கரால பொருள், எண்ணிக்கை, உள்ளே முதல்ல காலாவதி ஆகுற மாசம் மூணும் எழுதணும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினதும் மேல எழுதினது யாருக்குத் தெரியும்? எண்ணுறது ஒருத்தர், எழுதுறது இன்னொருத்தர். ஒதுக்கினதையும் எண்ணிக் காரணத்தோட எழுதுங்க, அடுத்த தடவை சீட்டுல என்ன மாத்தணும்னு அந்தத் தாள்தான் சொல்லும்.

இதெல்லாம் சொல்லிட்டேன், ஆனா என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. உணவுப் பொருள்தான் வேணும்னு யார் சொன்னது? போன் பண்றப்போ, "எங்ககிட்ட இருக்கிறது 30 ஜோடி கை, உங்களுக்கு என்ன குறைச்சல்?"னு கேட்டுப் பாருங்க. பெருநாள், வருஷக் கடைசி மாதிரி சமயங்கள்ல பொருள் நிறைய வரும், அதைப் பிரிக்க ஆள் தேவைப்படும். சில இடத்துல அரிசியை விடப் பெரியவங்களுக்கான டயப்பர் அவசரமா இருக்கும், அதுலயும் எம் அளவா எல் அளவான்னு கேட்டுக்கணும். சாரணர் மரபுலயே கையுழைப்புக்குத்தான் முதல் மதிப்பு. 1949-ல பிரிட்டன்ல ஒரு ஷில்லிங்குக்கு ஒரு வேலைன்னு ஆரம்பிச்சாங்க, கார் கழுவுறது, தோட்டம் வெட்டுறதுன்னு. இங்க நடக்கிற ஜாப் வீக் அதே வழியில வந்ததுதான், வேலை செஞ்சு சம்பாதிச்ச நன்கொடை. வெறும் கையை நீட்டினது இல்லை.

அந்த போன்ல "பொருள் வேண்டாம், மாசம் ரெண்டு சனிக்கிழமை வந்து பொட்டலம் கட்டிக் கொடுங்க"ன்னு பதில் வந்தா, துண்டுச்சீட்டு அச்சடிக்கிறதை நிறுத்திடுங்க. பிள்ளைங்களை அணி அணியாப் பிரிச்சு ஆறு மாசத்துக்கு அட்டவணை போடுங்க. தேர்வு வாரத்துல யாரையும் போடாதீங்க, அந்த வாரம் வர முடியாதுன்னு அவங்களுக்கு முதல்லயே எழுதிக் கொடுத்துடுங்க.

அடுத்த கேள்வி, கூடாரம் நனைஞ்சு பூஞ்சை பிடிச்சிருக்குன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.