இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய காலண்டர் படங்களில் அம்மனின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகி மோவாயில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்தில் அடித்தே இந்தப் பாடு. ஜப்பானில் எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோதான், 1765-ஐ ஒட்டியே பெண்களின் படங்களைப் பல நிறங்களில் கையாலேயே அச்சடித்தார்கள். நிறத்துக்கு ஒரு செர்ரி மரப் பலகை. தாள் நகராமல் முட்டி நிற்கப் பலகை ஓரத்தில் இரண்டு வெட்டு. அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த அழகிகளிடம் நான் மயங்கியது கண்ணிலோ மூக்கிலோ அல்ல. சிரிக்காதீர்கள், நெற்றியோரத்தில். கூந்தல் தொடங்கும் இடத்தில் மயிர் மயிராகப் பிரிந்து தெரியும். ஒரு கண்காட்சியில் காவலாளி இரண்டு தடவை வந்து, “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். அவ்வளவு கிட்டத்தில் மூக்கை வைத்திருந்தேன்.

மரத்தில் கோடுகளைச் செதுக்குவதில்லை. கோடுகளை விட்டுவிட்டு, சுற்றியுள்ள மரத்தை எடுக்கிறார்கள். கோலத்தில் கோட்டை வெறுந்தரையாக விட்டு, மீதி வாசல் முழுக்க மாவைத் தூவச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஒவ்வொரு மயிரும். ஓவியர் கூந்தலை மேலோட்டமாகக் காட்டிவிட்டுப் போய்விடுவார். மயிரிழை செதுக்குபவர் பாடு. முகமும் தலையும் மூத்த கைக்கு, உடையின் பூவேலை இளையவர்களுக்கு. முகத்துக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது, வெறும் தாள்தான்.

இந்த முகங்களைப் பெரிதாக்கிக் காட்டியவர் உதமாரோ என்ற ஓவியர். அவர் வரைந்தவர்களில் ஒருத்தி ஒகிதா. ஆசாகுசா கோயில் பக்கம் நனிவாயா என்ற தேநீர்க் கடையில் தேநீர் கொடுத்த பெண். 1793-இல் அரசு தடை போட்டது: கணிகையர் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் எழுதக்கூடாது. உதமாரோ என்ன செய்தார்? படத்தின் மூலையில் சின்னச் சின்னப் படங்களாக ஒரு விடுகதை வைத்தார். இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, கரைக்கு அப்பாலுள்ள கடல், ஒரு வயல். அவர்கள் மொழியில் கீரை ‘ந’, இரண்டு ‘நி’, கட்டு ‘வா’, அம்பு ‘யா’, கடல் ‘ஒகி’, வயல் ‘தா’. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: நனிவாயா ஒகிதா! பெயரை எழுதவே இல்லை, ஊரே படித்துவிட்டது. தேநீர்க் கடைப் பெண்ணின் பெயருக்கு அரசு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்று எனக்கு இன்றும் வியப்புதான். 1796-இல் விடுகதைக்கும் தடை வந்தது.

நேரம் முடிவதாக எதிரே கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1804-இல் ஹிதேயோஷி என்ற பழைய ஆட்சியாளரை வரைந்ததற்காக உதமாரோவின் கைக்கு விலங்கிட்டார்கள், 50 நாள். 1806-இல் இறந்தார். மையே இல்லாமல் வெறும் பலகையால் தாளை அழுத்தி உடையில் மடிப்புக் காட்டுவார்கள், அதையும் சொல்ல நினைத்தேன். எங்காவது அசல் படம் கிடைத்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், காவலாளி கூப்பிடும்வரை. வணக்கம்.